நூற்று இருபத்தெட்டு

செவ்வாய்க்கிழமை, காலை எட்டரை.
டெவென்டர் சோதனைக் கூடத்தின் இரும்புக் கதவு
முழுதும் மேலேறி முடியும்வரை
உறுமிக்கொண்டே பொறுமையாக நின்றது வண்டி.
கதவுதான் அவசரப்பட்டது.

நீளம் ஐந்து மீட்டர் தொண்ணூறு.
அகலம், கண்ணாடிகளை மடக்கினால், இரண்டு மீட்டர் எட்டு.
டெக்சஸில் சிவப்பாய்ச் சிமிட்டிய பின்விளக்கு
இங்கே ஆரஞ்சாய்ச் சிமிட்ட வேண்டும்.
மாற்றியிருக்கிறார்கள். ஒரு டிக்.
பனிமூட்ட விளக்கு, டிக்.
மைலுக்கு அடியில் கிலோமீட்டர், டிக்.

ஒற்றை வண்டி ஒப்புதல் என்று இதற்குப் பெயர்.
கடல் தாண்டி வீடு மாறி வரும் யாரோ ஒருவர்
மனசு கேட்காமல் தன் பழைய காரையும்
கப்பலேற்றிக் கொண்டுவந்தால், பாவம், என்று
சட்டத்தின் கொல்லைப்புறத்தில் திறந்துவைத்த சின்னக் கதவு.
இந்த வாரம் அதில் நுழைந்தவை பதினொன்று.

முகப்பின் உயரத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
கேட்காததை அளப்பது என் வேலையும் இல்லை.
கை பாட்டுக்கு டேப்பை இழுத்துவிட்டது:
நூற்று இருபத்தெட்டு சென்டிமீட்டர்.

மதிய இடைவேளையில் ஹெர்பென்
ரொட்டியைக் கடித்தபடியே கூம்புகளை அடுக்கினான்,
பம்பரிலிருந்து அரை மீட்டருக்கு ஒன்றாக.
கைப்பிடியைப் பற்றி, படியில் கால் வைத்து,
மாடிக்குப் போகிறவள்போல் ஏறி உட்கார்ந்தேன்.
'தெரியுதா?'
'இல்லை.'
'இப்ப?'
'கூம்பை விடு, குனிஞ்சா நீயே தெரியல.'
எட்டாவது கூம்பின் நுனி மட்டும் எழுந்தது.
சிரித்தோம்.
பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உரிமையாளர் ஹில்லெபிராண்ட் கெட்டவர் இல்லை.
கோணல் பல்லை நேராக்கும் மருத்துவர்;
மில்லிமீட்டரின் அருமை அவருக்கும் தெரியும்.
இரண்டு வருடம் முன்பு ஸ்வோலெ சாலையில்
இதேபோல் ஒன்று அவருடைய குட்டிக் கார்மேல் ஏறியது.
மழைக்கு முந்தின நாள் இடது தோள் வலிக்குமாம்.
'அடுத்த தடவை மேலே இருப்பது நானாக இருக்கட்டும்,'
மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் சொன்னார்.
ஒரு குதிரை காலை நீட்டிப் படுக்கலாம் பின்தொட்டியில்.
கிடந்தது ஒரு டென்னிஸ் மட்டை.

பதினேழு வருடத்தில்
ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியவளில்லை.
எல்லாம் சரியாக இருந்தது.
கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து,
ஐசல் ஆற்றிலிருந்து மேலேறும் எங்கள் செங்கல் தெருவில்
நிறுத்தக் கட்டத்துக்கு வெளியே
ஒரு ஆள் நீளத்துக்கு மூக்கை நீட்டி நின்றது அது.
என் ஆரஞ்சு விளக்கு. புது எண் பலகை.
சைக்கிள்கள் ஒவ்வொன்றாக
எதிர்த்தடத்துக்குள் வளைந்து, பிழைத்து, திரும்பின.
யாரும் திட்டவில்லை.
முன்பெட்டியில் இரண்டு குழந்தைகளும் ஒரு லீக்ஸ் கட்டுமாக
வந்த பெண் மணியை மட்டும் அடித்தாள்.
அவ்வளவு உயரத்துக்கு ஏறவில்லை அந்த மணி.

வீட்டில், சமையலறைக் கதவுச் சட்டத்தில்,
யிட்ஸ்கெயின் பிறந்தநாள்கள் பென்சில் கோடுகளாய் நிற்கின்றன.
கடைசிக் கோடு நூற்றுப் பத்தொன்பது.
அதற்கு மேலே ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி
இன்னொன்று போட்டேன், தேதியோடு.

'இது யாரும்மா?'
'ஒரு வண்டி.'
வாயிலிருந்த ஆப்பிளை மென்று முடித்தாள்.
'அது இன்னும் வளருமா?'
'வளரும்போலத்தான் இருக்கு.'

செருப்பை உதறிவிட்டு
சட்டத்தோடு முதுகை ஒட்டி நின்றாள்.
'அப்ப என்னை மறுபடி அள.'
கழுத்து நீண்டது. குதிகால் மெல்ல எழும்பியது.
'குதிகால் தரையில் இருக்கட்டும்,' என்றேன்,
கூடத்தில் பேசும் அதே குரலில்.
இறக்கினாள்.

பென்சிலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்
கோடு போட்டேன்.