பதினொன்றேகால் மலை

இடது கையில், அம்மை குத்திய தழும்புக்குப் பின்புறம்
ஒரு பொத்தான்.
தோலிலேயே தைத்தது.
"பதினாலு நாள் இருக்கட்டும். குளிக்கலாம், தேய்க்காதீங்க"
என்றாள் ஒட்டிவிட்ட நர்ஸ்.
வேறொன்றும் சொல்லவில்லை.

எனக்கும் சர்க்கரை அளக்கத் தெரியும்.
காவேரிப்பட்டணம் தாண்டி, கூழ் ஆலையில்
ஒன்பது சீசனாக அதுதான் வேலை.
கண்ணாடியில் ஒரு சொட்டு மாங்கூழ் விட்டு
ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தால்
நீலமும் வெள்ளையும் பிரிகிற இடத்தில் எண் நிற்கும்.
பெங்களூரா பதினாலு.
அல்போன்சா பதினேழு, வெயில் காய்ந்த வருஷம் பதினெட்டு.
அப்புறம் ஒரு கரண்டி நாக்கில் வைத்து
துப்பிவிட வேண்டும்.
பாதி நாள் துப்புவேன்.

"உனக்கு இப்ப எத்தனை பிரிக்ஸ்டி, நாகவேணி?"
ஷம்ஷாத் என் போனை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.
நூற்று அறுபத்திரண்டு.
"ஏற்றுமதிக்கே போகலாம்!"

மறுநாளிலிருந்து ஒழுங்கானேன்.
எல்லாக் கரண்டியையும் துப்பினேன்.
நாலு மணி டீயில் சர்க்கரை இல்லை,
பஜ்ஜித் தட்டு என்னைத் தாண்டிப் போனது.
போன் கூவவில்லை.
பரீட்சையில் பாஸான மாதிரி நடந்தேன்
ஷிப்ட் பஸ் வரைக்கும்.

எட்டாம் நாள் டாக்டர், சின்னப் பையன்,
இரண்டு விரலால் என் ஒரு வாரத்தை விரித்தார்.
பகலெல்லாம் சமவெளி.
ராத்திரி மட்டும், வரிசையாக, ஒரே உயரத்தில்
ஏழு மலை.
"பதினொன்றேகாலுக்கு என்ன சாப்பிடுறீங்க?"
"எட்டரைக்கே முடிச்சிடுவேன் சார்."
பொய் சொல்லவில்லை நான்.

பஸ்ஸில் திரும்பும்போது
சையத் பாஷா மலை ஜன்னலை அடைத்துக்கொண்டு வந்தது.
ராயக்கோட்டை மேம்பாலம் ஏறும்போது
நினைவுக்கு வந்துவிட்டது.

மாதேஷ் ஓசூர் கம்பெனி வண்டியில் வந்திறங்கி
சாப்பிட்டு எழுந்த பிறகு,
விளக்குப் போடாத சமையலறையில்
நின்றபடி,
சட்டியோடு:
அடியில் பிடித்த சாதம்,
சின்னவன் கடித்து வைத்த அரைச் சப்பாத்தி,
பெரியவள் ஒதுக்கிய உருளைக்கிழங்கு,
வீணாகிவிடுமே என்று ரசம்.
அதைச் சாப்பாட்டில் நான் சேர்த்ததே இல்லை.
பாத்திரம் கழுவுவதில் அது முதல் வேலை.
தட்டு வைக்காததை யார் சாப்பாடு என்பார்கள்?

பொத்தானுக்குத் தட்டு தெரியாது.
பதினேழு வருஷத்தில் இந்த வீட்டில்
நான் சாப்பிட்டதைப் பார்த்த ஒரே ஆள் அது.

அன்றிரவு விளக்கைப் போட்டேன்.
மிச்சத்தையெல்லாம் ஒரு தட்டில் கொட்டி
தரையில் உட்கார்ந்தேன்.
"இன்னும் சாப்பிடலையா நீ?" மாதேஷ் கதவருகே.
"இது ரெண்டாவது."
அவர் தட்டைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
சட்டியில் கொஞ்சமாகத்தான் தெரிந்தது,
தட்டில் ஓர் ஆளுக்கானது.

காலையில் களைந்து வைக்கும் முன்
அரிசியில் இரண்டு பிடியை டப்பாவுக்கே திருப்பினேன்.
"சாதம் இவ்வளவுதானா?"
"இவ்வளவுதான்."

பதினொன்றேகாலுக்கு
வயிறு ஒன்றும் கேட்கவில்லை.
கைதான் கேட்டது.
குழாயைத் திறந்து அதை நனைத்தேன்.

மலை கரடாயிற்று. கரடு மேடாயிற்று.
ஞாயிற்றுக்கிழமை சின்னவன் பிறந்தநாள்,
கேக் ஓரமெல்லாம் என் தலையில்,
பழைய உயரத்துக்கே போய் நின்றது.
திங்கள் இறங்கியது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பதினாலாம் நாள் பொத்தான் தானாகச் செத்தது.
இன்னொன்று வாங்க இந்த மாதம் காசில்லை.
உரித்தபோது வட்டமாக வெளுத்த தோல்,
சுற்றிப் பசையில் ஆலைத் தூசு.

மதியம் சந்தூர்ப் பக்கத்து லோடு வந்தது, அல்போன்சா.
ஒரு சொட்டு. ஜன்னல். பதினெட்டு.
ஷம்ஷாத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கரண்டியை நாக்கில் வைத்தேன்,
துப்பவில்லை.

ஒன்று, என்று எண்ணிக்கொண்டேன்.