ஆஃப் கோர்ஸ்

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடி.
விடியக்காலை மூணே முக்கால்.
அன்றைக்கு அப்படியொரு பனி;
என் டேங்கரின் முகப்பு விளக்குக்கு
அதன் மூக்குக்கு அந்தப்பக்கம் எதுவும் தெரியவில்லை.

ப்ரஸீதா மேடம் கொஞ்சம் மொண்டு எடுத்தார்,
குழாயில் எதையோ சொட்டினார், குலுக்கினார்,
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
எனக்குப் பால் பாலாகத்தான் இருந்தது.
"ஆப்வியஸ்லி" என்றார்.
அப்புறம்தான், "வெள்ளம் உண்டு."

வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர்.
எனக்கு, ஆழியாறு பாலத்தைத் தொட்டுக்கொண்டு போவது.
பதினோரு வருஷம் இந்த ரோட்டில் ஓடியும்
அந்தச் சொல் முதலில் காலை நனைத்துவிட்டுத்தான்
அர்த்தத்துக்கு வருகிறது.

ஆப்வியஸ்லி நனைக்காது.
இதற்கு நம்மிடமும் உண்டு:
உள்ளங்கை நெல்லிக்கனி, வெள்ளிடை மலை,
கைப்புண்ணுக்கு எதற்குக் கண்ணாடி.
கனி இருக்கிறது, மலை இருக்கிறது,
ஒன்றுமில்லாவிட்டால் புண்ணாவது இருக்கிறது.
எங்கே, கையைக் காட்டு என்று கேட்கலாம்.
ஆப்வியஸ்லியின் கையை விரிக்கச் சொல்லி
சர்க்கார் நாற்காலியிடம் யார் கேட்பது?

எங்கள் முதலாளிக்கு "நேச்சுரலி".
சம்பளம் தள்ளிப்போகிற மாதங்களில் மட்டும் வரும்.
தரகர் திருமலைசாமி "நீட்லெஸ் டு சே" என்று தொடங்கினால்
காப்பி ஆறும் வரை சொல்லுவார்.

நான் பிடித்துவைத்திருந்தது ஒன்றே ஒன்று.
ஆர்டிஓ ஆபீசில், ஆஸ்பத்திரியில், மகளின் பள்ளிக்கூடத்தில்
பாதி புரிந்தால் போதும்,
தலையை ஆட்டிக்கொண்டே சொல்லிவிடுவேன்:
"ஆஃப் கோர்ஸ்."
இங்கேயும் சொன்னேன்.

பேனா உடனே ஓடியது.
மலையாளத்தில் நாலு வரி, அடியில் ஒரு கோடு.
வண்டியை ஓட்டிவந்தவர் சம்மதித்தார்
என்று இருப்பதாக
வாசலில் நின்ற சிவன்குட்டி படித்துச் சொன்னார்.

இல்லீங்க மேடம்,
நான் சொன்னது அந்த ஆஃப் கோர்ஸ் இல்லீங்க.
"பின்னே ஏது ஆஃப் கோர்ஸ்?"

நேற்றுச் சாயங்காலம் குளிரூட்டும் நிலையத்தில்
நீலக் குழாய் ஒன்று கேன்கள் மேல் வளைந்து கிடந்ததும்,
அதன் நுனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததும்,
நான் அந்தப்பக்கம் முதுகைக் கொடுத்து
பீடி பற்றவைத்துக்கொண்டதும்
எந்தப் பாஷையில் சேரும் என்று தெரியாமல்
கையெழுத்துப் போட்டேன்.
தமிழில். நா. கிட்டுச்சாமி.

போனில் முதலாளி கத்தினார்.
"எவன்டா உன்னை ஒத்துக்கச் சொன்னது?
நேச்சுரலி, உன் கணக்குலதான் எழுதுவேன்."
நீலக் குழாயைப் பற்றி
அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பத்தாயிரம் லிட்டர், வந்த வழியே திரும்ப வேண்டும்.
அதற்குமுன் எதிர்க் கடையில் ஒதுங்கினேன்.
"பால்சாயாவோ, கட்டனோ?"
திரும்பி வண்டியைப் பார்த்தேன்.
பனிக்குள் அதன் எவர்சில்வர் வயிறு.
கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

கட்டனே ஊற்றினார்.