விளக்கு மேசை

கீழிருந்து வெளிச்சம் வரும் மேசை.
மேலே தோலுரித்த காட் மீன்.
சதைக்குள் சுருண்டிருக்கும் புழுவைக்
கத்திமுனையால் கிள்ளிப் போட வேண்டும்.
பதினான்கு வருடம்.
என் கண்ணுக்குத் தப்பியவை ஒரு கைக்குள் அடங்கும்.

நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் போனால்
ஜனவரி கடைசியில்தான் ஊருக்குள் வரும்.
ஐஸ்லாந்தின் இந்த மூலையில் எல்லோருக்கும் அப்படித்தான்.
எனக்கு அந்த வருடம்
மே மாதத்திலும் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் மாத்திரை தொடங்கினேன்.
ஆறாவது வாரம்
யாரும் சொல்லாமல் எழுந்து காலுறை போட்டுக்கொண்டேன்.
சிரிக்காதீர்கள்,
ஒரு காலுறைக்கு எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பரில் அளவைக் கூட்டினார்கள்.
இமைத்தால் மணல்.
'அழுதாயா ஹால்பெரா?' என்றாள் பக்கத்து மேசை போகுமீவா.
இல்லை, அழாமல் சிவந்த கண்.
கண்ணாடியில் பார்த்தேன்:
நீலம் நகக்கீற்றாகச் சுருங்கியிருக்க
நடுவில் கருப்பு, அகலத் திறந்து.
கண்மணி என்று கொஞ்சுகிறோம்;
பார்த்தால் அது ஒரு ஓட்டை.

ஒரு செவ்வாய்க்கிழமை
மூன்று புழுக்கள் திரும்பி வந்தன, வெள்ளைத் தட்டில்.
'தூக்கமில்லையா?' என்றான் மேற்பார்வையாளன் ஐவிந்தூர்.
ஆமாம் என்றேன்.
ஊருக்கு ஒரே மருந்துக்கடை.
வேறென்ன சொல்வது?
பெட்டி மடிக்கும் மூலைக்கு மாற்றினான்.

நிலா கோட்டை கட்டினால் மழை.
துறைமுகத்தின் விளக்குக் கம்பங்கள்
ஒவ்வொன்றும் வானவில் கோட்டை கட்டினால்?
அழகாகத்தான் இருந்தது, வீடு வரும்வரை.
பிறகு வலது கண் கல்லானது.
பாதித் தலை பிளந்தது. வாந்தி.
இதுவும் துக்கத்தின் வேலை என்று
போர்வைக்குள் கிடந்தேன்.
அது போடாத வேடமா?

போகுமீவா வந்தது அப்பக்கல் இரவல் வாங்க.
கண்ணைப் பார்த்தாள். கல்லை மறந்தாள்.
கோட்டைக்கூடப் போடவிடாமல் இழுத்துப் போனாள்.

இரவுப்பணி டாக்டர் பையன்
மூடிய இமைகளை விரலால் அழுத்தினான்:
இடது தக்காளி, வலது கூழாங்கல்.
'என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?'

கதவு திறந்திருந்தது.
போகுமீவா என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
சொன்னேன்.
பெயர், மில்லிகிராம், எத்தனை மாதம், எல்லாம்.

'அதுவா?' என்றாள் அவள். 'எனக்கு இருபது.'

காற்றில் விமானம் எழவில்லை.
விடியும்வரை சொட்டு, ஊசி, மறுபடி சொட்டு.
மறுநாள் தலைநகரில் படம் வரைந்து காட்டினார்கள்:
கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் ஊறுகிறது,
அழுகிற நீர் அல்ல, வேறு.
அது வடிய ஓரத்தில் ஒரு மடை.
என் கண் சின்னது, மடை பிறவியிலேயே குறுகல்.
மாத்திரை கண்மணியை விரிக்க
நீலத்திரை ஓரத்தில் குவிந்து மடையை அடைத்தது.
பெரும்பாலோருக்கு இப்படி ஆவதில்லை.
எனக்கு ஆனது.

லேசரால் நீலத்தில் ஒரு துளை,
மீனின் புழு நுழையாத அளவு.
இடது கண்ணிலும் ஒன்று, வருமுன் காக்க.
'மாத்திரையை விட்டுவிடவா?'
'நீங்களாக விடாதீர்கள்' என்றாள் கண் டாக்டர்.
'வழி திறந்தாயிற்று.
எழுதிக் கொடுத்தவரிடம் நான் பேசுகிறேன்.'

சூரியன் வந்த அன்று ஊரே அப்பம் சுட்டது.
என்னுடையது கருகிவிட்டது, கிட்டத்தில் இன்னும் மங்கல்.
தெருவில் ஒரு முழ வெயில்.
எல்லோரும் கண்ணைச் சுருக்கினார்கள்,
நான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி
சட்டைப்பையிலிருந்த செயற்கைக் கண்ணீரை
இரண்டு சொட்டு விட்டேன்.
ஒன்று கன்னத்தில் வழிந்தது.
ஐவிந்தூர் பார்த்துவிட்டு
மரியாதையாகத் தொப்பியை எடுத்தான்.

அதைத் திருத்தவில்லை.
போகுமீவாவின் தட்டிலிருந்து
கருகாத ஒன்றை எடுத்துக்கொண்டேன்.