குப்பி மூடிகள்

இரவுக் கடமை முடிந்து வந்தேன்.
தாண்டவன்வெளி ஒழுங்கையில் கணுக்கால் அளவு தண்ணீர்.
ஒரு கையில் செருப்பு, மறு கையில் குடை,
தோள் பைக்குள் ஐஸ்கிறீம் பெட்டி நிறைய
ஊசிமருந்துக் குப்பிகளின் மூடிகள்.
யூலையில் இருந்து சேர்த்தவை.
மருந்தையும் தொடாதவை, நோயாளியையும் தொடாதவை,
பெருவிரலால் நெம்பினால்
டக் என்று தெறித்து விழுகிறவை.
ஆனாலும் கொதிநீரில் இரண்டு தரம் போட்டேன்,
ஒரு தரம் தாதியாக,
ஒரு தரம் தாயாக.

நித்திரையைப் பிறகு பார்க்கலாம்.
வாக்குக் கொடுத்தாயிற்று.

கோதுமை மாவில் பசை காய்ச்சினேன்.
மில்ரன் விரலை விட்டு நக்கி
"சீனி போடல்ல" என்றான்.
டெரீசியா பால்மாப் பையைப் பிரித்து
உள்ளே இருந்த வெள்ளியை வெளியே திருப்பி வெட்டினாள்.
ஐந்து முனை வரவேண்டிய நட்சத்திரம்
நாலரையில் நின்றுவிட்டது.
"மறுகா ஒண்டு வெட்டுவம் புள்ள."
"வேணாம். இதுக்குக் கால் நோகுது, அதுதான்."
உடனே என் பையைக் கிண்டி
அதன் காலுக்கு ஒரு பன்டேஜும் போட்டாயிற்று.

பக்கத்து வீட்டு வர்ணிகா வந்தாள்,
நெற்றித் திருநீறு மழையில் கரைந்து மூக்குவரை இறங்க,
சட்டை மடியில் பதினொரு சிட்டிகள்,
விளக்கீட்டுக்கு ஏற்றி மிஞ்சியவை.
நிமிர்த்தி வைத்தால் விளக்கு.
கவிழ்த்துப் பஞ்சு ஒட்டினால் ஆடு.
பாலன் குடிலுக்கு முன்னால்
பதினொரு ஆடுகள் வரிசையில் நின்றன,
பழைய எண்ணெய் ஊறி எல்லாம் கொஞ்சம் பழுப்பு.
"மழையில நனைஞ்சிட்டுதுகள்" என்றாள் வர்ணிகா.
யாரும் மறுக்கவில்லை.

நாவலடியில் இருந்து நியூட்டன்
சைக்கிள் கரியரில் சவுக்குக் கொப்பு கட்டி வந்தார்.
கல்லடிப் பாலம் நெடுக இழுபட்டு
உச்சி தேய்ந்துபோன மரம்.
பெயின்ற் வாளியில் மண் போட்டு நட்டோம்.
இடப்பக்கம் சாய்ந்தது.
வலப்பக்கம் ஒரு செங்கல் வைத்தோம்.
மறுகாவும் இடப்பக்கமே சாய்ந்தது.

பிறகு மூடிகளைப் பாயில் கொட்டினோம்.
சலசல என்று கட்டிலுக்கு அடியில் ஓடினவை பாதி.
மெழுகுதிரியில் கோணி ஊசியைக் காய்ச்சி
நான் துளை போட,
அவர்கள் நூலில் கோர்த்தார்கள்.

அவர்களுக்கு அவை நீலம், ஊதா, செம்மஞ்சள்.
எனக்கு நீலம் என்றால்
நெஞ்சுச் சளி கூடி வார்ட் நிரம்பி
ஒரு கட்டிலில் இரண்டு பிள்ளைகள் கிடந்த கிழமை.
ஊதா முழுக்கப் பதினாலாம் கட்டில்,
வாகரையில் இருந்து வந்த பொடியன்,
சுகமாகிப் போகும்போது
என் பேனையையும் கொண்டு போனவன்.

சாம்பல் மூடி மூன்றே மூன்று.
அவற்றை ஏன் பெட்டிக்குள் போட்டேன் என்று தெரியவில்லை.
பாய்க்கு அடியில் மெல்லத் தள்ளினேன்.

டெரீசியா கண்டுவிட்டாள்.
"அம்மா, இந்த நிறம் கொஞ்சம்தான் இருக்கு."
"வடிவில்லை மனே, விடு."
"கொஞ்சமா இருக்கிறதத்தான் மேல வைக்கோணும்."

கதிரையில் ஏறி,
தேய்ந்த உச்சியில்
நொண்டி நட்சத்திரத்துக்குப் பக்கத்திலேயே
மூன்றையும் கட்டினாள்.
நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
வேறொன்றும் செய்யவில்லை.

மில்ரன் ஒரு மூடியைக் கோர்த்து
"முடிஞ்சுது" என்று அறிவித்து
மிச்சப் பசையைத் தேடிப் போனான்.

எப்போது சரிந்தேனோ தெரியாது.
எழும்பியபோது வீட்டில் மின்சாரம் இல்லை,
மழை இருந்தது.
கன்னத்தில் ஒரு மூடியின் வட்டம் பதிந்திருந்தது.
தலை முழுக்கப் பஞ்சு.
பன்னிரண்டாவது ஆடாக
என்னையும் சேர்த்திருந்தார்கள்.

ஏழு மணிக்கு மறுபடி கடமை.
அவசரமாய்த் தலை கழுவி, தண்ணீர் தாண்டிப் போய்
வார்ட்டில் தொப்பியைக் குத்தும்போது
விரலில் தட்டுப்பட்டது,
காதுக்குப் பின்னால்
காய்ந்துபோன கோதுமைப் பசை.