பதினைந்து குதிரைவலு

எங்கள் கடையில் பூச்சாடி இல்லை.
கிறீஸ் வாளி உண்டு,
கழற்றிய ஆணிகள் போட்ட பிஸ்கற் பேணி உண்டு,
எட்டு மாதமாய் மூலையில் குந்தியிருக்கிற
எஞ்சின் மூடி ஒன்றும் உண்டு.

கொழுக்கி உடைந்ததென்று மூடியை மட்டும்
யூலியான் கொண்டுவந்து தந்திருந்தார்.
அன்றிரவு மூடியில்லாமலே கடலுக்குப் போனார்.
இறக்கக்கண்டிக்கு நேரே வள்ளம் புரண்டு
ஆள் நீந்திக் கரையேறினார்.
எஞ்சின் ஏறவில்லை.
இப்போது ஐஸ் ஆலையில் கட்டி உடைக்கிறார்.
காலையில் சைக்கிளில் கடையைக் கடக்கும்போது
அவர் கண் எப்போதும் எதிர் மதிலில்,
அங்கே தொங்கும் கடதாசிப்பூவில்.

நேற்று மின்சாரசபைக்காரர் வந்து
கம்பிக்கு இடைஞ்சலென்று அதைத் தறித்துப் போட்டார்கள்.
வீதியில் முழங்கால் உயரத்துக்கு ஊதா.
ஓட்டோக்கள் அதன்மேல் ஏறிப் போயின.
கணக்குக் கொப்பியை மூடிவிட்டு இறங்கினேன்.

“லோஜினி, குப்பை அள்ளவோ சம்பளம்?” என்றார் ஹயாத்து நானா,
கார்பரேற்றருக்குள் ஊதியபடி.

மூடியைக் கவிழ்த்தேன். இல்லை, நிமிர்த்தினேன்;
அது பிறந்ததே கவிழ்ந்துதான்.
உருண்ட அடி, நிற்காமல் ஆடியது.
பழைய ரயருக்குள் இருத்தினேன்.
காற்றுப் போகும் துளைவழி தண்ணீர் போயிற்று.
லஞ்ச் சீற் நாலு விரித்தேன்.
பிறகும் கசிந்தது, கசியட்டும்.
தண்டுகள் சாய்ந்தன. பெருவிரலில் முள் ஏறியது.
அறுந்த தங்கூசி வலையைப் பந்தாய்ச் சுருட்டி
உள்ளே அமுக்கினேன்.
ஒரு கண்ணுக்கு ஒரு தண்டு.
அந்த வலை பிடித்ததில் துடிக்காதது இதுதான்.

உயரமானது பின்னால், கட்டையானது முன்னால்
என்று அடுக்கிப் பார்த்தால்
பள்ளிக்கூடக் குழுப்படம்.
பிடுங்கினேன்.
வட்டமாய் அடுக்கினால் செத்தவீட்டு மலர்வளையம்.
பிடுங்கினேன்.
கடற்கரைக்குப் போய் அடம்பன் கொடி நாலு முழம்,
தபால் கந்தோர் வேலியில் மஞ்சள் அலரி, பால் வடிய வடிய.
ஐந்தரைக்கும் அது சரிவரவில்லை.
வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

இரவில் மான் வந்திருக்கிறது.
திருகோணமலையில் அது புதினமில்லை;
சந்தையில் கோவா இலை தின்று
பஸ் நிலையத்தில் படுத்தெழும்புகிற மான்கள்.
முன்பக்கத்தை முழுக்க மேய்ந்துவிட்டு
அலரியில் வாய் வைக்காமல் போயிருந்தது,
விசயம் தெரிந்த மான்.
இடப்பக்கம் வெறுமை.
வலப்பக்கம் ஊதா ஒரே பாய்ச்சல்.
அடம்பன் கொடி இழுபட்டு வீதிவரை.
நான் நாள் முழுக்கத் தேடிய வடிவம்
நக்கிய ஈரத்தோடு நின்றது.

ஒரு சைக்கிள் பிரேக் பிடித்தது.
எதிர் மதிலில் பார்க்க இன்று ஒன்றும் இல்லை.
யூலியான் இறங்கி வந்தார்.
மூடியில் உரிந்துகொண்டிருந்த பதினைந்தைப்
பெருவிரலால் தேய்த்தார்.
“இது இவ்வளவு நேரம் சத்தம் போடாமல் இருந்து
நான் காணேல்லை.”
பிறகு தண்டுகளுக்கிடையில் விரலை விட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தார்.
“நல்ல தண்ணிதான்.”

கடலால் வந்ததும் எஞ்சினுக்குள்
நல்ல தண்ணி ஓடவிடுவார்கள்,
உப்புத் தின்னாமல் இருக்க.
அந்த விரல் அதை மறக்கவில்லைப் போல.

மூடியை எடுக்கப்போறீங்களோ என்று கேட்டேன்.
மீதி எவ்வளவு என்றார்.
நானூற்றைம்பது.
எண்ணி வைத்துவிட்டு ஐஸ் ஆலைக்குப் போனார்,
வெறுங்கையோடு.

வரவு எழுதினேன்.
“பொருள் கையளிப்பு” என்ற நிரலுக்கு வந்ததும்
பேனை நின்றது.

“தண்ணியை மாத்து, லோஜினி” என்றார் ஹயாத்து நானா.
கார்பரேற்றர் இன்னும் அவர் வாயில்தான்.