மற்றவை

கையேட்டில் தேள் இருக்கிறது, நாய் இருக்கிறது,
பாம்புக்கு நான்கு பக்கம்.
தகர வரிசையில்
தீக்காயத்தோடு முடிந்துவிட்டது.

நம்புக்கனியின் பாதம் என் மடியில்.
குதிகாலுக்கு மேலே ஒரு கிழிசல், சுற்றிலும் நீலம்.
விரல்களில் சுற்றிய துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.
பாசி மூட்டை வாசலில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
"திருக்கை முள்ளு, சிஸ்டர்" என்றாள் ஒருமுறை.
பிறகு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சின்னப்பாலத்தில் சிக்னல் கிடைக்குமிடம்
புயல் காப்பகத்தின் ஏழாவது படி.
எட்டில் போய்விடும்.
ஏழில் நின்று டாக்டரைக் கூப்பிட்டேன்.
அரூர்ப் பக்கத்துப் பையன், வந்து மூன்று மாதம்.
"திருக்கையா? குழம்புலதான் பாத்திருக்கேன்.
லைன்ல இருங்க, பாத்துச் சொல்றேன்."
தாள் புரளும் சத்தம்.
யாரோ இருமுகிறார்கள்.
இத்தனை வருஷத்தில்
தெரியாது என்பதை இப்படி நேராகச் சொன்ன டாக்டர்
இவர்தான். அந்த நம்பிக்கையில் நின்றேன்.

கீழே என்னைவிட வேகம்.
மிக்கேலம்மா டீச்சட்டியில் தண்ணீர் ஏற்றிவிட்டாள்,
முழங்காலுக்குக் கீழே நைலான் கயிற்றை
இறுக்கிக் கட்டியும்விட்டாள்.
"சுடுதண்ணில கால வச்சா எறங்கிரும்.
இதுக்கு எதுக்கு மாடி ஏறுறீக?"

"கெடச்சிருச்சு சிஸ்டர். சுடுதண்ணி.
தாங்குற சூடுதான், ஆனா அவங்களக் கேக்காதீங்க,
அந்த வலியில சூடு தெரியாது.
உங்க கைய விட்டுப் பாருங்க.
கயிறு கியிறு கட்டியிருந்தா அவுத்துருங்க.
தையல் வேணாம். முள்ளு ஒடஞ்சு உள்ள இருந்தா எக்ஸ்ரே"
எக்ஸ்ரேயோடு அறுந்தது.

ஆக, மிக்கேலம்மா பாதி சரி.
எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ளத்தான்
ஏழு படி ஏறியிருக்கிறேன்.
கயிற்றை அவிழ்த்தபோது முறைத்தாள்.
தண்ணீரில் கையை விட்டேன், வெடுக்கென்று எடுத்தேன்.
ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் கலந்து
மறுபடி விட்டேன்.

ஆற ஆற மாற்றினோம், முக்கால் மணி நேரம்.
வாய் திறந்ததும் நம்புக்கனி கேட்டது,
தன் மூட்டையை எவளாவது
தன் கணக்கில் எடை போட்டுவிட்டாளா என்று.

ராமநாதபுரத்தில் படம் எடுத்தார்கள்.
எள்ளளவு முள் உள்ளே இருந்தது.

மாதக் கூட்டத்தில் கணினி கேட்டது:
பாம்பா, நாயா, தேளா.
ஆப்பரேட்டர் என்னைப் பார்த்தாள்.
"மற்றவை" என்றேன்.
குளவிக் கொட்டோடும் பூனைக் கீறலோடும்
அங்கே போய் விழுந்தாள் நம்புக்கனி.

தடுப்பூசிப் பதிவேட்டின் பின்னட்டையில்
பச்சை மையில் எழுதி வைத்திருக்கிறேன்.
திருக்கை. சுடுதண்ணீர். முதலில் உன் கை.
கயிறு கூடாது. பெரியாஸ்பத்திரியில் படம்.
அதற்குக் கீழே
மிக்கேலம்மாவின் போன் நம்பர்.

அடுத்த ஊசி நாலாவது வாரம், வியாழக்கிழமை.
காலண்டரில் அமாவாசைக்கு மறுநாள், பாசி நாள்.
மருந்துப் பெட்டி எட்டு மணிக்குத்தான் வரும்.
அப்போது போனால்
"வீடு பூட்டியிருந்தது" என்று எழுதலாம்,
அதற்குக் கட்டம் இருக்கிறது.

அன்றைக்கு வத்தம் எத்தனை மணிக்கு,
எத்தனைக்குக் கரையேறுவார்கள்?

நம்பரைப் போடுகிறேன்.
மிக்கேலம்மா எடுக்கவில்லை.
கடலில் இருப்பாள்.