வாயில்

கட்டைவிரல் நீளம். தட்டை வயிறு.
இரண்டே இழைப்பில் இரண்டு சிறகு.
ஹான் காலத்துச் சீனர்கள் தம் பிணங்களுக்குப்
போட்ட வாய்க்கரிசி:
ஜேட் கல்லில் ஒரு சிள்வண்டு.
மண்ணுக்குள் வருடக்கணக்காய்க் கிடந்தும்
மேலேறி வந்து கத்துகிற பூச்சியாயிற்றே,
நாக்கின்மேல் வைத்தார்கள்.

பல்தசார் கிந்தேலா இதைத் தூக்கத்திலும் சொல்வார்.
போர்த்தோவில், மழை சறுக்கி ஆற்றுக்கு ஓடும் சந்தில்
அவர் கடை. காதறுந்த ஜாடிகள்,
யார் வீட்டுப் பாட்டனாரோ சட்டத்துக்குள்,
நின்றுபோன பதினேழு கடிகாரங்கள்.
ஆள் வரும் அரவம் கேட்டால்
ஒன்றுக்கு மட்டும் சாவி கொடுப்பார்.

அன்செல்மோ தேவெஸிடம் ஒன்று இருப்பதாகப் பேச்சு.
மக்காவில் சுங்க அதிகாரியாய் இருந்த தாத்தா
கையுறைக்குள் கொண்டுவந்ததாம்.
பார்த்தவர் சிலர். எல்லோரும் குடித்திருந்த இரவு.
மங்கிய புகைப்படம் ஒன்று:
உள்ளங்கை, அதில் பச்சையாய் ஒரு நிழல்.
மூன்று முறை விலை சொன்னார் கிந்தேலா.
மூன்று முறையும் சிரித்து
போர்ட் வைன் ஊற்றினார் தேவெஸ்.

அவர் செத்த மறுநாள்
மதிப்பீட்டாளராக வீட்டுக்குள் நுழைந்தார்.
சதுரங்கப் பெட்டி, மாவு டப்பா,
பியானோவின் வயிறு, ஒரு பழைய பூட்ஸின் விரல்பக்கம்.
இல்லை.
எத்தெல்வீனா அம்மாள் வாசலில் நின்று
“காபி ஆறுகிறது” என்றாள்.

தேவாலயத்தில் மெழுகுவத்தி வெளிச்சம்.
குனிந்து முத்தமிடும் பாவனையில் பார்த்தார்:
இடப்பக்க உதடு
ஒரு நெல் அளவு உயர்ந்திருந்தது.
சவப்பெட்டிக்காரன் பிர்மீனோ
அவர் கண்ணைத் தவிர்த்துத் தன் ஷூவைப் பார்த்தான்.

ஆக, அங்கே.

அந்த ஊர்க் கல்லறை வாடகை வீடு மாதிரி.
மூன்று வருடம் கழித்துத் தோண்டுவார்கள்.
எலும்பாகியிருந்தால் சின்னப் பெட்டிக்குக் குடிமாற்றம்;
ஆகாவிட்டால் மூடி, இன்னும் இரண்டு வருடம்.
கிந்தேலா நாள்காட்டியில் குறித்தார்.
பூ வாங்கிப் போனார்.
புதைகுழிக்காரன் மகளின் ஞானஸ்நானத்துக்கு
வெள்ளிக் கரண்டி கொடுத்தார்.

முதல் முறை மூடியைத் திறந்த வேகத்தில் மூடினார்கள்.
தேவெஸ் அவசரப்படவில்லை.

இரண்டாம் முறை நவம்பர், தூறல்.
எத்தெல்வீனா அம்மாள் குடை பிடித்திருந்தாள்.
தொடை எலும்பு, விலா எலும்பு,
அப்புறம் தாடை தனியே கழன்று வர
சேற்றில் டொக்கென்று விழுந்தது அது.
பதினோரு வருடம்.
கைக்குட்டையால் துடைத்தார்.
புரட்டினார்.

இடச் சிறகின் அடியில் ஒரு கீறல்,
கால்புள்ளி மாதிரி.

எழுபத்தொன்பது, ஆகஸ்ட்.
இருபத்திரண்டு வயது, மூன்று மாத வாடகை பாக்கி.
அரம் வழுக்கிய இடம் அது.
தேநீரில் கொதிக்கவைத்து, பன்றிக்கொட்டில் மண்ணில்
நாற்பது நாள் புதைத்து எடுத்து,
லிஸ்பன் திருட்டுச் சந்தையில் ஒரு கண்ணாடிக்காரனிடம்
“ஹான் காலம்” என்று சொல்லி விற்றார்.
அந்தப் பணத்தில் வாங்கிய செருப்புகூட நினைவிருக்கிறது:
கடித்தது.

மக்காவ், தாத்தா, கையுறை
அதெல்லாம் வழியில் ஒட்டிய தூசு.

“உசத்தியா?” என்றாள் அம்மாள்.

எந்தக் கல்லுக்கும் ஒரு ராஜாவைக் கட்டிவைக்கும் வாய்
திறந்தது. மூடியது.
புதைகுழிக்காரன் நீட்டிய பெட்டிக்குள்
தாடை எலும்புக்கு நடுவில்
அதை மெல்ல வைத்தார்.

குடையை மடக்கியபடி அவள் சொன்னாள்:
“ஒரு சிறகு கோணலாம். இவருக்கு அதுதான் குறை.
யாராவது நல்ல கைக்காரரிடம் சரிபண்ணணும்,
கிந்தேலா கடையில் கேட்கலாம் என்பார்.
போகவே இல்லை.”

டிராம் ஏறாமல் நடந்தார்.
கடை வரைக்கும் எச்சில் விழுங்க முடியவில்லை;
நாக்கின்மேல் ஏதோ,
கட்டைவிரல் நீளம்.